வெல்லம் வெளுத்த கதை

பொன் நிறுக்கும் தராசு ஒன்று எங்கள் வீட்டுக்கு ஆண்டுக்கு ஒருமுறை வந்து போகும். நகை செய்ய அல்ல, எலுமிச்சை ஸ்குவாஷ் போட. ஊர் மாதர் சங்கத்தில் பழம் பதனிடும் வகுப்பு நடந்தபோது அம்மா பத்து நாள் போய்வந்தார். 1978ஆம் ஆண்டு. அங்கே எழுதிக்கொண்டு வந்த நாற்பது பக்க நோட்டுதான் அதற்குப் பிறகு எங்கள் வீட்டு ஸ்குவாஷின் சட்டப் புத்தகம். சாறு இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு, தண்ணீர் இவ்வளவு. கடைசி வரியில் "கே.எம்.எஸ்., கிலோவுக்கு 0.6 கிராம்". பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் என்ற பெயரை அம்மா ஒருநாளும் முழுதாகச் சொன்னதில்லை. எங்களுக்கும் அது கே.எம்.எஸ்.தான்.

0.6 கிராமை அரிசி நிறுக்கும் தராசில் எப்படி நிறுப்பது? பக்கத்துத் தெரு பத்தர் வீட்டுக்கு என்னை அனுப்புவார். மரப்பெட்டிக்குள் தராசு வரும், கூடவே பத்தரின் கவலையும் வரும்: "கண்ணு, தட்டுல உப்புக் கிப்பு ஒட்டியிருந்தா தொடச்சுக் குடுக்கச் சொல்லு." பொடியை நிறுத்து, ஆறிய பாகில் கொஞ்சம் எடுத்துக் கரைத்து, மொத்தத்தில் ஊற்றிக் கலக்குவார் அம்மா. அப்போது அடுக்களையில் தீக்குச்சி கிழித்த வாசனை மூக்கில் ஏறும். நான் தும்முவேன். நோட்டில் சிவப்பு மையால் அடிக்கோடிட்ட வரி ஒன்று உண்டு: நாவல், கறுப்புத் திராட்சை போன்ற நிறமுள்ள பழங்களுக்குக் கே.எம்.எஸ். கூடாது, நிறம் வெளுத்துவிடும், சோடியம் பென்சோயேட்தான் போட வேண்டும்.

கெடாமல் காக்கும் பொடி வெளுக்கவும் செய்யும் என்று ஒரு மாதர் சங்க நோட்டு அன்றைக்கே சொல்லிவிட்டது. அதே ஊரில், வீட்டிலிருந்து அரை மைல் தள்ளி, பெரியப்பாவின் கரும்பாலையில் அந்த வரியை வேறு விதமாகப் படித்துக்கொண்டார்கள்.

ஆலை என்றால் பெரிய தொழிற்சாலை என்று நினைக்க வேண்டாம். பவானி ஆற்றுப் பாசனத்தில் கரும்பு போட்ட தோட்டங்களில், நான்கு கல் தூணும் தென்னங்கீற்றுக் கூரையுமாக ஒரு கொட்டகை. கரும்பு பிழியும் மூன்று உருளை, அதை ஓட்ட ஒரு டீசல் என்ஜின். நான் பார்த்ததே என்ஜின்தான். எருமை கட்டிச் சுற்றிய காலம் பெரியப்பாவின் பேச்சில் மட்டும் மிஞ்சியிருந்தது. தரையில் குழி தோண்டிய அடுப்பு, அதன்மேல் நான்கு பேர் சுற்றி நின்றாலும் இடமிருக்கும் இரும்புக் கொப்பரை. பிழிந்த சக்கையே காய்ந்து விறகாகும். நூறு கிலோ கரும்பு போட்டால் பத்துக் கிலோ வெல்லம் வரும் என்பது ஒரு தோராயக் கணக்கு. மற்றதெல்லாம் ஆவி, சக்கை, அழுக்கு.

அந்த அழுக்கை எடுப்பதில்தான் இருந்தது வேலையெல்லாம். கொதி வரும் முன்பே சுண்ணாம்புத் தெளிவு ஊற்றுவார்கள். வெண்டைத் தண்டை நசுக்கித் தண்ணீரில் ஊறவைத்த வழவழப்பான சாற்றையும் ஊற்றுவார்கள். சாற்றில் மிதக்கும் தூசியையும் பசையையும் அந்த வழவழப்பு கட்டிப் பிடித்து மேலே கொண்டுவரும். கறுப்பாகத் திரண்டு நிற்கும் நுரையை ஓட்டை போட்ட கரண்டியால் அள்ளி அள்ளி ஓரத்தில் கொட்டுவார் ஒருவர். பொங்கி வழிந்தால் ஆமணக்கெண்ணெய் ஒரு சொட்டு, நுரை அடங்கும். பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பதம் பார்ப்பது பெரியப்பாவின் தனி உரிமை. வேறு யாரும் விரல் வைக்கக் கூடாது. பிறகு ஆறப்போடும் தொட்டியில் ஊற்றி, மரப்பலகையால் துழாவி, சூடு தாங்கும் பதத்தில் துணியில் வைத்து உருட்டுவார்கள்.

அந்த உருண்டை என்ன நிறம்? ஒரே நிறம் இல்லை, அதுதான் விஷயம். மேட்டுக்காட்டுக் கரும்பு ஒரு நிறம், வயல் கரும்பு ஒரு நிறம். உப்புத் தண்ணீர் பாய்ந்த கரும்பு கறுத்து, லேசாகக் கரிக்கும். முதல் கொப்பரை வெளுப்பாகவும், சாயங்காலத்துக் கடைசிக் கொப்பரை காய்ந்த புளி நிறத்திலும் வரும். அடுப்பெரிப்பவர் தூங்கி விழுந்தால் இன்னும் கறுக்கும். வெல்லத்தைப் பார்த்து எந்தக் காடு என்று சொல்லிவிடுகிற ஆட்கள் ஊரில் இருந்தார்கள்.

மண்டிக்கு அந்தக் கதையெல்லாம் தேவைப்படவில்லை. முப்பது கிலோ சிப்பத்தின் வாயைப் பிரித்து, மேலே இரண்டு உருண்டையைப் பார்த்து, விலை சொல்வார்கள். மஞ்சள் என்றால் ஒரு விலை, கறுப்பு என்றால் ஒரு விலை. எண்பதுகளின் நடுவில் ஒரு மார்கழி, பெரியப்பாவின் முப்பது சிப்பமும் "நிறம் பத்தாது" என்று ஓரமாக நின்றுவிட்டன. பொங்கல் வரைக்கும் நின்றன. அந்தத் தை முடிவதற்குள் ஈரோட்டிலிருந்து ஒரு தகர டப்பா வந்தது.

டப்பாவின் மேல் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு நினைவில்லை. ஊரில் எல்லாரும் அதை 'ஹைட்ரோஸ்' என்றார்கள். சோடியம் ஹைட்ரோசல்பைட் என்பதன் செல்லப் பெயர், வேதியியல் புத்தகத்தில் சோடியம் டைதயோனைட். அது சமையலறைப் பொருளே அல்ல, சாயப்பட்டறைப் பொருள். துணியில் நீலச் சாயம் ஏற்றுகிறவர்கள் தொட்டியில் ஹைட்ரோஸ் போடுவார்கள். போட்டவுடன் நீலம் மறைந்து மஞ்சள் கலந்த பச்சையாகிவிடும். அந்த நிலையில்தான் சாயம் தண்ணீரில் கரைந்து நூலுக்குள் இறங்கும். நூலை வெளியே எடுத்துக் காற்றில் உதறினால் மறுபடி நீலமாகும். ஈரோட்டுப் பக்கம் சாயப்பட்டறையும் கரும்புத் தோட்டமும் ஒரே பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருந்தன. பொடியும் அந்த பஸ்ஸிலேயே வந்தது.

பாகு இறக்குவதற்குச் சற்று முன் பெரியப்பா ஒரு கைப்பிடி அள்ளித் தூவினார். அடுக்களையில் நான் தும்மிய அதே தீக்குச்சி வாசனை, இருபது மடங்கு. கண் எரிந்தது. கொப்பரையில் புளி நிறத்தில் கொதித்துக்கொண்டிருந்த பாகு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெயில் படும் வைக்கோல் நிறத்துக்கு வந்தது. மந்திரம் பார்த்த மாதிரி நின்றேன். "நிறுக்க வேண்டாமாங்க பெரீப்பா?" என்றேன், அம்மாவின் பிள்ளை அல்லவா. "கண்ணுதான் சாமி தராசு" என்றார். நிறம் வருகிற வரைக்கும் போட வேண்டியது, அவ்வளவுதான் கணக்கு.

அந்த மஞ்சள் நிலைக்காது என்பது பிறகுதான் தெரிந்தது. சாயத்தொட்டியில் நடப்பதுதான் கொப்பரையிலும் நடக்கிறது. பாகின் கறுத்த நிறப்பொருள்களைப் பொடி தற்காலிகமாக நிறமிழக்கச் செய்கிறது. காற்றும் ஈரமும் பட்டால் நிறம் திரும்பும். இரண்டு மாதம் கிடந்த ஹைட்ரோஸ் வெல்லம் பழுப்பாகி, கசிந்து, ஒட்டும். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. மண்டியில் விலை பேசும் அந்த ஒரு மணி நேரம் மஞ்சளாக இருந்தால் போதும்.

இங்கே வெள்ளைச் சர்க்கரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் பெரியப்பாவுக்கு அநியாயம். மஞ்சள் வெல்லத்தின் மேல் மண்டிக்கு ஆசை வந்ததே வெள்ளைச் சர்க்கரையைப் பார்த்துத்தான் என்பது என் எண்ணம். ஒடிசாவின் அஸ்கா என்ற ஊரில் ஆலை வைத்துச் செய்து அனுப்பிய சர்க்கரை நம் ஊர்க் கடைகளில் 'அஸ்கா' என்ற பெயரோடே தங்கிவிட்டது. நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலை 1842இல் தொடங்கியது. இந்தியாவின் பெரும்பாலான சர்க்கரை ஆலைகளில் வெள்ளை நிறம் கந்தகத்தால்தான் வருகிறது. கந்தகத்தை எரித்து, வரும் புகையைச் சுண்ணாம்பு கலந்த சாற்றுக்குள் செலுத்துவார்கள். சாறு சுண்டிய பின் இன்னொரு முறையும் செலுத்துவார்கள். 'இரட்டை சல்ஃபிடேஷன்' என்று பெயர். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சர்க்கரை ஆலையில் படிகத்தைச் சுழற்றிப் பாகுக்கழிவைப் பிரித்துவிடுவார்கள், அதோடு கந்தக மிச்சமும் பெரும்பாலும் போய்விடும். வெல்லத்தில் பிரிப்பதே கிடையாது. கொப்பரையில் விழுந்ததெல்லாம் உருண்டைக்குள் இருக்கும். இரும்புச் சத்து போகாமல் இருப்பதற்கும் அதுதான் காரணம், ஹைட்ரோஸ் போகாமல் இருப்பதற்கும் அதுதான் காரணம்.

கொப்பரை என்றதும் நினைவுக்கு வருகிறது. காங்கேயம் பக்கத்து உலர் களங்களில் காயும் தேங்காய்க் கொப்பரைக்கும் கந்தகப் புகை போடும் பழக்கம் உண்டு. பூசணம் பிடிக்காது, வெள்ளையாகவும் இருக்கும். பாயசத்துக்கு வாங்கும் பொன்னிற உலர்திராட்சை, வெளிநாட்டு ஆப்ரிகாட், ஒயின் என்று இந்தக் கந்தகக் குடும்பத்தின் சொந்தபந்தம் நீளும். ஒயினில் இதைப் போடாதவர்கள் அபூர்வம். காடி ஆகாமல் காப்பதே இதுதான். அவரவர் ஊரில் அவரவர் நியாயம் இருக்கிறது. நான் வெல்லத்துக்குத் திரும்புகிறேன்.

பெரியப்பா இப்போது இல்லை. ஆலையை அவர் மகன், என் அண்ணன், பார்த்துக்கொள்கிறார். கூரை தகரமாகிவிட்டது. என்ஜின் போய் மோட்டார். அழுக்கெடுக்க வெண்டைத் தண்டு தேடி யாரும் போவதில்லை, அந்த வேலைக்கு ஆளும் இல்லை. கரும்பு பெரும்பாலும் கோ 86032, எல்லாக் காட்டிலும் ஒன்றுதான். கரும்பு விலை ஏறும்போது சாற்றோடு மூட்டை மூட்டையாக அஸ்காவைக் கொட்டிக் காய்ச்சுகிற ஆலைகள் வந்துவிட்டன. சர்க்கரை கலந்தால் வெல்லம் தானாகவே வெளுக்கும், ஹைட்ரோஸ் இன்னும் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். பொங்கலுக்கு முன்னால் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் ஆலைகளில் சோதனை போடுவதும், சர்க்கரை மூட்டைகளையும் பொடி டப்பாக்களையும் எடுத்துச் செல்வதும் இப்போது மார்கழிச் செய்திகளில் ஒன்று.

போன ஆண்டு போயிருந்தபோது அண்ணன் இரண்டு அடுப்பைக் காட்டினார். "இது மண்டிக்குத் தம்பி, அது வூட்டுக்கு." வீட்டுக்கான கொப்பரையில் சுண்ணாம்பைத் தவிர எதுவும் விழாது. எனக்குக் கொடுத்தனுப்பியது அதிலிருந்துதான். நான் ஒன்றும் கேட்கவில்லை. காரில் வரும்போது நான்கு கிலோ வெல்லம் மடியில் கனத்தது.

சட்டம் என்ன சொல்கிறது? 1954ஆம் ஆண்டு உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின்கீழ் வந்த விதிகளிலேயே அளவு இருந்தது. இந்தப் பொடிகளும் கந்தகப் புகையும் விட்டுச்செல்லும் சல்ஃபர் டை ஆக்சைடு மிச்சம், சர்க்கரையிலும் வெல்லத்திலும் கிலோவுக்கு 70 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, ஸ்குவாஷில் 350 என்றன அந்த விதிகள். அம்மாவின் நோட்டில் இருந்த 0.6 கிராம் எங்கிருந்து வந்தது என்று அந்த 350ஐப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. கே.எம்.எஸ்.ஸின் எடையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, கணக்குப்படி 57.6 சதவீதம், சல்ஃபர் டை ஆக்சைடு. 0.6 கிராம் போட்டால் கிலோவுக்கு 345 மில்லிகிராம். யாரோ ஓர் ஆசிரியை சட்டத்தின் வரம்புக்குள் நிற்கும்படி கணக்குப் போட்டு, கிராமத்துப் பெண்களுக்குப் பத்தர் தராசு அளவில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

நியாயமாகப் பார்த்தால் கணக்கு இன்னொன்றையும் சொல்லும். ஒரு கிளாஸில் நாம் ஊற்றிக் கலக்கும் ஸ்குவாஷ் 50 மில்லி என்று வைத்தால், போட்ட புதிதில் அதில் சுமார் 20 மில்லிகிராம் இருக்கும். வரம்புக்குள் நிற்கும் வெல்லத்தை 50 கிராம் தின்றாலும் மூன்றரை மில்லிகிராம்தான். உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு வகுத்த அன்றாட அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.7 மில்லிகிராம். இருபது கிலோ எடையுள்ள குழந்தைக்கு 14. அப்படியானால் அம்மா அத்தனை பக்குவமாய் நிறுத்துப் போட்ட ஸ்குவாஷை நான் சின்ன வயதில் இரண்டு கிளாஸ் குடித்த நாளெல்லாம் கோட்டைத் தாண்டியிருக்கிறேன். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் அந்த 0.7ஐயும் விலக்கிக்கொண்டது. அப்படி ஓர் எண்ணைச் சொல்லும் அளவுக்குச் சான்றுகள் போதவில்லை என்பது அதன் முடிவு.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நம் உடம்பே புரதத்தைச் சிதைக்கும்போது சல்ஃபைட் என்ற இதே கந்தகப் பொருளைக் கொஞ்சம் உண்டாக்குகிறது. அதைச் சல்ஃபேட்டாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும் நொதியும் உடம்பிலேயே இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆஸ்துமா உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குத்தான் அது மூச்சுக்குழலை இறுக்கும். அமெரிக்காவில் எண்பதுகளில் உணவகங்களின் சாலட் காய்கறிகள் வாடாமல் இருக்க இதைத் தெளிப்பார்கள். அதைத் தின்று மூச்சுத்திணறி இறந்தவர்களின் கணக்கு சேர்ந்த பிறகு, 1986இல் பச்சையாகத் தின்னும் பழம் காய்கறிகளில் அதைத் தடை செய்தார்கள். கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் பாக்கெட்டில் சொல்லியாக வேண்டும் என்றும் விதித்தார்கள். நம் ஊரிலும் 2020ஆம் ஆண்டின் லேபிள் விதிகளில் அதே 10 மில்லிகிராம் வந்துவிட்டது. ஸ்குவாஷ் பாட்டிலின் பின்னால் 'சல்ஃபைட் உள்ளது' என்ற வரியையோ, 220 முதல் 228 வரை உள்ள எண் ஒன்றையோ பார்க்கலாம். கே.எம்.எஸ். 224.

ஆஸ்துமாக்காரர் ஸ்குவாஷ் பாட்டிலைத் திருப்பிப் பார்த்து வைத்துவிடலாம். வெல்ல உருண்டையைத் திருப்பினால் இன்னொரு பக்க வெல்லம்தான் இருக்கும். எனக்கு ஆத்திரம் அங்கேதான். ஹைட்ரோஸோ வெல்லத்தில் போட அனுமதிக்கப்பட்ட பொருளே இல்லை. சாயத்துக்குச் செய்த சரக்கு, உணவுத் தரம் பார்த்துச் செய்தது அல்ல. கைப்பிடி அளவுக்கு வரம்பும் இல்லை, மூட்டைக்கு லேபிளும் இல்லை.

இன்றைய கதையில் ஒரு வேடிக்கையான திருப்பம் உண்டு. வெளுத்ததெல்லாம் பால் என்று இருந்த ஊர், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கறுத்ததெல்லாம் சுத்தம் என்று மாறிவிட்டது. கோவையில் 'பாரம்பரியம்', 'இயற்கை' என்று பலகை வைத்த கடைகளில் கறுப்பு வெல்லம் கண்ணாடி டப்பாவுக்குள் உட்கார்ந்து, மஞ்சள் வெல்லத்தைவிடக் கூடுதல் விலைக்குப் போகிறது. அண்ணன் இதைக் கேட்டு வெகுநேரம் சிரித்தார். "அப்பா ஓரமா நிறுத்தி வெச்ச முப்பது சிப்பத்த இப்பக் கொண்டாந்திருந்தா?" என்றார். நல்ல மாற்றம்தான், மறுக்கவில்லை. பொடி போடாமல் காய்ச்சுகிறவருக்கு ஒரு சந்தை கிடைத்திருக்கிறது. பழநிப் பஞ்சாமிர்தத்துக்குக் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நாட்டுச் சர்க்கரை எடுக்கும் வழக்கம் இருப்பதால் அங்கே பழுப்பு நிறத்துக்கு என்றைக்கும் மதிப்புண்டு. பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆனால் கறுப்பு ஒரு சான்றிதழ் அல்ல. இரண்டு மாதம் கோடவுனில் கிடந்த ஹைட்ரோஸ் வெல்லமும் கறுப்புதான். பெரியப்பாவின் மண்டிக்காரர் மஞ்சளைப் பார்த்து ஏமாந்த மாதிரியே நானும் பழுப்பைப் பார்த்து ஏமாறலாம். கண்ணைத் தராசாக வைத்துக்கொண்டிருக்கும்வரை இரண்டும் ஒன்றுதான். வெல்லத்துக்குள் இருக்கும் கந்தகத்தைக் கண்டுபிடிக்க அமிலத்தில் கொதிக்கவைத்து, வெளியேறும் வாயுவைப் பிடித்து அளக்க வேண்டும். அதற்கு ஆய்வகம் வேண்டும்.

ஆய்வகம் இருக்கிறது. கிண்டி, கோவை, சேலம், தஞ்சாவூர், மதுரை, பாளையங்கோட்டை என்று ஆறு ஊர்களில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் இருக்கின்றன. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின் 40ஆம் பிரிவு, அதிகாரி மட்டுமல்ல, கடையில் வாங்குகிற யாரும் கட்டணம் கட்டிப் பொருளைப் பகுப்பாய்வுக்குக் கொடுக்கலாம் என்கிறது. பொருளில் குறை இருந்தால் கட்டணத்தைத் திருப்பித் தருவார்கள். ஒரே நிபந்தனை, பகுப்பாய்வுக்குக் கொடுக்கப் போகிறேன் என்பதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும்.

சொல்லிப் பார்த்தேன். "ஏனுங்க, அரைக் கிலோ வெல்லம் குடுங்க, லேபுக்குக் குடுத்துப் பாக்கறதுக்கு" என்றேன். கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். தராசில் வைத்திருந்த உருண்டையை எடுத்து மறுபடி சிப்பத்தில் போட்டார். உள்ளே போய் வேறொன்று கொண்டுவந்தார்.